பத்து மணி நேர எஞ்சின்

லண்டனுக்கு வடகிழக்கே, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது நார்த் வீல்ட் விமானத்தளம். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்கள் கிளம்பிய இடம். ராணுவம் கழித்துவிட்ட பயிற்சி ஜெட்டுகளைத் தனியார் இங்கே வைத்துப் பறக்கவிடுகிறார்கள். நான் போயிருந்தபோது ஜெட் ப்ரோவோஸ்ட் என்ற பயிற்சி ஜெட் ஒன்றின் வைப்பர் எஞ்சினைக் கழற்றித் தாங்கியில் ஏற்றியிருந்தார்கள்.

ஆம்ஸ்ட்ராங் சிட்லி நிறுவனம் இதை முதலில் உருவாக்கியது ஜிண்டிவிக் என்ற ஆளில்லா இலக்கு விமானத்துக்காக. சுட்டு வீழ்த்தப்படப் போவதற்கு எதற்கு நீண்ட ஆயுள்? பத்து மணி நேரம் ஓடினால் போதும் என்றுதான் கணக்கு. அதைத் திருத்தித் திருத்தி மனிதர் ஏறும் விமானங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1964இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் கிரண் விமானத்திலும் இதே வைப்பர்தான். எனக்கு அந்த எஞ்சின் மேல் தனிப் பிரியம் வந்ததற்கு இதுவும் காரணம்.

மெக்கானிக்குகளில் மூத்தவர் இரண்டு நட்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றின் வாயில் நைலான் வளையம். போல்ட்டை இறுக்கிப் பிடித்து, அதிர்வில் கழன்றுவிடாமல் காப்பது அதுதான். எஞ்சினின் சூடான பகுதியில் அது உருகிவிடும். அங்கே முழுக்க உலோகத்தாலான நட்டுதான் போட வேண்டும். அதிலும் வெள்ளி முலாம் பூசியது இருந்தால் வெப்பத்தில் போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளாது. அளவு ஒன்றே என்பதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. நட்டு என்று அலட்சியமாகச் சொல்கிற பொருளுக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது!

பறக்காத விமானங்களைப் பிரித்துத்தான் பல உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. உலோகம் தாக்குப்பிடித்துவிடுகிறது, எரிபொருள் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சீல்தான் அலமாரியில் சும்மா கிடந்தே கெட்டுப்போகிறது. டர்பைன் இறக்கைகள் இன்னொரு வகை. சூட்டிலும் சுழற்சியின் இழுவிசையிலும் அவை மயிரிழை மயிரிழையாக நீளும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாய மை தடவித் தேடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைசி வார்த்தை தாளுக்குத்தான். எத்தனை மணி நேரம் ஓடியது, யார் சோதித்தார், எங்கிருந்து வந்தது என்ற ஆவணம் இல்லையென்றால், பளபளவென்று புதிதாகத் தெரியும் பாகத்தைக்கூடத் தொடமாட்டார்கள். பணத்தட்டுப்பாடு தெரிந்த தொழிலில் இந்தப் பிடிவாதம் எனக்குப் பெரிதாகப் பட்டது. மேலே போகிறவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கழித்த பாகங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அறுத்துத் துண்டாக்கிய பிறகுதான் பழைய இரும்புக்குப் போடுவார்களாம். முழுசாக வெளியே போனால், யாராவது மெருகேற்றி இன்னொரு விமானத்துக்கு விற்றுவிடக்கூடும்.