விலை எழுதி ஓடும் குதிரைகள்

குதிரைப் பந்தயம் என்றாலே நம்மவர்களுக்கு நினைவு வருவது, வீட்டை அடகு வைத்துவிட்டுக் கிண்டிக்குப் போனவர்களின் கதைதான். நானும் பந்தயத்தில் ஒரு காசு கட்டியவனில்லை. ஆனால் பாரீசில் இருக்கும் என் மைத்துனர், பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு, காபிக் கடையில் உட்கார்ந்து பி.எம்.யு. சீட்டு எழுதுகிறவர். அவர் வீட்டில் தங்கியிருந்தபோது பந்தயத் தாளில் 'கூர்ஸ் ஆ ரெக்லாமே' என்று ஒரு வகையைப் பார்த்தேன். ரெக்லாமே என்றால் உரிமையோடு கேட்பது. பிரெஞ்சிலேயே படித்த எனக்கும், பந்தயத்தில் யார் எதைக் கேட்கிறார்கள் என்று விளங்கவில்லை.

"மாப்ளே, அதுல ஓடுற குதிரை அத்தனையும் விற்பனைக்கு" என்றார் மைத்துனர்.

விஷயம் இதுதான். இவ்வகைப் பந்தயத்தில் இறங்கும் குதிரைக்கு முன்கூட்டியே ஒரு விலை குறித்துவிட வேண்டும். தகுதியுள்ள எவரும் அந்தக் குதிரையைக் கேட்டு வாங்கலாம். சொந்தக்காரர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பிரான்சில் பந்தயம் முடிந்த பிறகு, வேண்டியவர்கள் குறித்த விலையோ அதற்கு மேலோ சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதிகம் எழுதியவருக்குக் குதிரை. விட மனமில்லாத பழைய சொந்தக்காரரும் சீட்டு எழுதிப் போடலாம். தன் குதிரைக்குத் தானே விலை கேட்கும் கூத்து!

அமெரிக்காவில் ஓட்டத்துக்கு முன்பே சீட்டைப் போட்டுவிட வேண்டும். விலையில் ஏற்றம் இறக்கம் இல்லை. இரண்டு மூன்று பேர் கேட்டால் குலுக்கல். பரிசுப் பணம் பழையவருக்கு, குதிரை புதியவருக்கு.

எதற்கு இத்தனை ஏற்பாடு? நல்ல குதிரையை மட்டமான குதிரைகளோடு ஓடவிட்டுப் பரிசைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதற்குத்தான். ஒரு லட்சம் பெறுமான குதிரையை இருபதாயிரம் என்று எழுதினால், அன்று மாலையே வேறொருவர் லாயத்துக்குப் போய்விடும். கூட்டி எழுதினாலோ, வலுவான குதிரைகளோடு ஓடித் தோற்க வேண்டும். ஆக, சொந்தக்காரர் உண்மை விலையை எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்திரங்களோடு காலம் தள்ளிய குமாஸ்தா நான். பத்து லட்சம் பெறும் மனையை இரண்டு லட்சம் என்று முகம் மாறாமல் எழுதிக் கொண்டுவந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! விலையைக் குறைத்துக் காட்டிய சொத்தை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் 1972-இல் ஓர் அத்தியாயமே சேர்த்தார்கள். குதிரைக்காரர்களுக்கு இருக்கும் பயம் நம் மனைக்காரர்களுக்கு வரவில்லை.

கைவிட்டுப் போனவற்றில் சில பெரிய குதிரைகளும் உண்டு. ஸ்டைமி என்ற குதிரையை 1943-இல் ஹர்ஷ் ஜேக்கப்ஸ் என்ற பயிற்சியாளர் 1,500 டாலருக்குக் கேட்டு வாங்கினார். அது சம்பாதித்தது 9 லட்சம் டாலருக்கு மேல். நம் காலத்தில் ரிச் ஸ்ட்ரைக். 2021 செப்டம்பரில், அதை வளர்த்த பண்ணையிடமிருந்து 30,000 டாலருக்கு எடுத்தார்கள். அடுத்த மே மாதம் கெண்டக்கி டெர்பிக்கு முதல் நாள் வேறொரு குதிரை விலகியதால் கடைசியில் இடம் கிடைத்தது. ஒன்றுக்கு எண்பது என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அந்தக் குதிரை முதலாவதாக வந்தது. பரிசு 18 லட்சத்து 60 ஆயிரம் டாலர்.

ஆனால் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கால் நோவு கண்ட குதிரையைக் குறைந்த விலை போட்டு ஓடவிட்டு, விவரம் தெரியாதவர் தலையில் கட்டுவதும் நடக்கும். அமெரிக்காவின் பல இடங்களில், கதவு திறந்து குதிரை பாய்ந்த நொடியிலேயே அது புதியவர் சொத்து. முன்பெல்லாம் பாதி வழியில் கால் முறிந்து இறந்தாலும் பணம் போனது போனதுதான். நோயை மறைத்து ஓடவிட்டவருக்கு நஷ்டமே இருந்ததில்லை. வலியெல்லாம் அந்த வாயில்லா ஜீவனுக்கு. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. பிறகு கலிபோர்னியாவில் விதியை மாற்றினார்கள். குதிரை களத்தில் இறந்தால் அந்தச் சீட்டு செல்லாது. ஓடி முடித்த குதிரையை மருத்துவர் பார்த்து, நொண்டுகிறது என்றாலும் செல்லாது. வண்டியை இழுத்துக்கொண்டு பழையவரே வந்து கூட்டிப்போக வேண்டும்.