இரண்டு நாற்காலிக் கடை

கலியாண வீட்டில் பந்தி விசாரித்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனால், விற்பதற்கு ஒன்றுமே இல்லாத கடையைக் கண்காட்சியில் மூன்று நாள் நடத்தும் பாக்கியம் சமீபத்தில்தான் கிடைத்தது.

நான் நாவல் எழுதுவது லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருளில். 2010-ஆம் ஆண்டு அந்தப் பெயரில் பிறந்தது. பல தேசத்தார் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். சம்பளத்துக்குச் செய்கிறவர்களும் உண்டு. ராத்திரிச் சாப்பாடானதும் உட்கார்ந்து, தம்படி வாங்காமல், ஏதோ ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் படுக்கப் போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்து வாலிபர்கள் நாலு பேர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் கண்காட்சியில் ஒரு மூலை இனாமாகக் கிடைத்திருக்கிறதாம். "நீங்கள் இருந்து நடத்தினால் நாலு பேர் வருவார்கள், சார்" என்றார்கள். இந்த வார்த்தைக்கு மயங்காத எழுத்தாளனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

யார் எப்போது இருப்பது, யார் எப்போது சாப்பிடப் போவது என்று கட்டம் போட்டு எழுதினேன். எல்லாரும் உத்தியோகஸ்தர்கள், ஒருவருக்கு அரை நாள் லீவு, இன்னொருவருக்குச் சாயங்காலம் மட்டும். மின்சார வசதி உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இருந்தது, எதிர் வரிசையில்! ஒரு தம்பி வயர் வாங்கக் கிண்டிக்கு ஓடினார். பக்கத்துக் கடையில் குலுக்கல் பரிசு, ஆளுயரத் தொலைக்காட்சி. எங்களிடம் இரண்டு நாற்காலி, இரண்டு மடிக்கணினி, ஒரு துணிப் பதாகை.

"என்ன விலை?" என்பார்கள்.

"விலை இல்லை."

"சரி, பிறகு எப்போது கேட்பீர்கள்?"

இந்த இயக்கத்தை 1983-இல் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனுக்கு ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல். தாம் சொல்வது விலையை அல்ல, சுதந்திரத்தை என்று அவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நமக்கு இரண்டு சொல் இருக்கிறது; 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகான பெயரும் இருக்கிறது. இருந்து என்ன? இலவசம் என்றதும் நம்மவருக்கு மிக்ஸியும் மின்விசிறியும்தான் ஞாபகம் வருகின்றன.

இரண்டாம் நாள் எனக்கு வியாபார புத்தி வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் "முடியும்" என்றேன். ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பேச்சில் விருதுநகர் வாசனை. ஆறு கணிப்பொறிகள், இருபது வருஷத்துக் கோப்புகள். எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. "அப்படியே திறக்குமா?" என்றார்.

"பேஷாகத் திறக்கும்!" என்றேன்.

"திறக்கும், அண்ணாச்சி. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் படிக்க முடியாது" என்றார் என் பக்கத்து வாலிபர்.

பழைய எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. 'கொ' என்று அடித்தால், கண்ணுக்குத் தெரிகிறபடியே கொம்பு முதலில், 'க' அப்புறம், கால் கடைசியில் பதியும். இப்போதைய யூனிகோடில் 'க' முதலில். கொம்பும் காலும் பின்னால். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். வாலிபர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "முதலில் ஒரு கணிப்பொறியில் பாருங்கள். ஆறையும் மாற்றிவிடாதீர்கள்" என்றார்.

அச்சகக்காரர் அவரைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார்.

டீ குடிக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "வந்தவரைத் துரத்திவிட்டாயே, தம்பி!"

"நாளைக்கு அவசர வேலையில் மாட்டிக்கொண்டால் அவர் யாரைக் கேட்பார், சார்? நாம் ரசீதுகூடக் கொடுப்பதில்லையே."

எனக்கு டீ இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பதாகையை அவிழ்க்கும் நேரத்தில் அச்சகக்காரர் மறுபடி வந்தார். கூட ஒரு பெண்மணி.

"நான் பில்லில் கையெழுத்துப் போடுறவன். அடிக்கிறது இவங்கதான், கேள்வியெல்லாம் எழுதிக்கிட்டு வந்திருக்காங்க" என்றவர், என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "நேத்து இருந்த தம்பி இருக்காரா?"

இருந்தார். நான் எழுந்து, என் நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.