கரையில் நிற்பவர்கள்

தென் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் 25 மீட்டர் நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. பள்ளி மணி அடிப்பதற்கு முன், காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணிவரை, அதை வாடகைக்கு எடுத்து ஒரு நீச்சல் குழு நடந்து வருகிறது. அதில் ஆறு வயதுச் சிறுமியும் உண்டு. எழுபதைத் தாண்டிய, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவரும் உண்டு. நீந்துகிறவர்களைப் பற்றி எழுதத்தான் போனேன். போகப் போக, அவர்களை நீந்தவைக்கிறவர்களே என் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டார்கள்.

அவர்களில் முதலில் வருகிறவர் மோட்டார் ரூம்காரர். சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அவர் 'அண்ணே'தான். ஐந்து மணிக்கு முன்பே வந்து விளக்கைப் போட்டுவிடுகிறார். குளத்தில் சுமார் 3 லட்சம் லிட்டர் தண்ணீர். பம்ப் அதை உறிஞ்சி, மணல் ஃபில்டர் வழியாகச் செலுத்தி, மறுபடி குளத்துக்கே அனுப்புகிறது. ஃபில்டரின் மேலிருக்கும் கேஜில் முள் ஏறினால் மணலில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று பொருள். வால்வைத் திருப்பி, தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு 'பேக்வாஷ்' செய்கிறார். கலங்கல் போய்த் தெளிவு வரும்வரை குழாயருகே நின்றுகொண்டிருக்கிறார்.

பிறகு சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே இரண்டு குழாய்கள், இரண்டு சொட்டு மருந்துகள். குளத்தோரம் குந்தி, முழங்கை நனையும்வரை கையை விட்டுத் தண்ணீர் மொண்டார். "மேல்தண்ணி எடுத்தா ரீடிங் தப்பா வரும் சார்." ஒரு குழாயில் மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளானது, அது குளோரின் அளவு. மற்றதில் இளஞ்சிவப்பு, அது பி.எச். பெட்டியிலுள்ள வண்ணப் பட்டையோடு குழாயை ஒட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். குளோரின் பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு, பி.எச். 7.2 முதல் 7.8. இந்த வரம்புக்குள் நின்றால் கண்ணும் எரியாது, கிருமியும் தங்காது.

குளத்துப் பக்கம் வந்தாலே நெடி தூக்குகிறது, மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று பெற்றோர் சிலர் இவரிடம் சண்டைக்கு வருவதுண்டு. உண்மையில், குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடிக்குக் காரணம். "குளிச்சுட்டு இறங்குங்கன்னு போர்டு மாட்டியிருக்கோம். யார் சார் படிக்கிறா?" என்கிறார். அவருடைய அறையில் ப்ளீச்சிங் பவுடர் ஒரு மூலையில், ஆசிட் கேன் எதிர் மூலையில். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பிவிடும். பவுடரைத் தண்ணீரில் போட்டுக் கரைப்பாரே தவிர, பவுடர்மீது தண்ணீரை ஊற்றமாட்டார்.

ஐந்தரைக்குச் சிறுவர் பேட்ச். தலைமைப் பயிற்சியாளர் ஐம்பதை நெருங்குகிறவர். ஒருகாலத்தில் பல்கலைக்கழகப் போட்டிகளில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தியவர். கழுத்தில் விசில் தொங்கினாலும் வேலை செய்வதென்னவோ அவருடைய தொண்டைதான். கரும்பலகையில் அன்றைய பாடம்: 'எட்டு அம்பது, 1:10.' அதாவது 50 மீட்டரை எட்டு முறை நீந்த வேண்டும். 1 நிமிடம் 10 நொடிக்கு ஒருமுறை புறப்பட வேண்டும். 50 நொடியில் முடிப்பவனுக்கு 20 நொடி ஓய்வு. ஒரு நிமிடம் எடுத்துக்கொள்பவனுக்கு 10 நொடிதான். சுவரிலுள்ள பேஸ் கிளாக்கில் நொடிமுள்ளைப் பார்த்துப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கூட்டிப் பார்க்கவே சற்று நேரமாயிற்று. அவர்கள் மூச்சிரைத்தபடியே சரியாகக் கிளம்புகிறார்கள்.

ஒரு லேனில் ஆறு பேர். ஐந்து நொடி இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக, வலப்பக்கம் ஒட்டிப் போய் மறுபக்கம் ஒட்டித் திரும்புகிறார்கள். பின்னால் வருகிறவரின் கை நம் காலில் பட்டால், அடுத்த சுவரில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஒன்பது வயதுப் பையனுக்குப் பதினாறு வயது அண்ணன் ஒருவன் அப்படி ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன். முகத்தில் சுணக்கமில்லை. "ஸ்ட்ரோக் சொல்லிக் கொடுக்கிறது சுலபம் சார். லேன்ல எப்படி இருக்கணும்னு சொல்லிக் கொடுக்கத்தான் மாசக்கணக்காகுது" என்றார் பயிற்சியாளர்.

பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். "ரெண்டு கை! ரெண்டு கை, கண்ணு!" பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்திவந்த சிறுமி ஒரு கையால் சுவரைத் தொட்டுத் திரும்பியிருந்தாள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். தவறினால் டி.க்யூ.; முதலாவதாக வந்தாலும் கணக்கில் வராது. நான்கு லேன்களையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் எப்படி வாய்க்கிறது என்று கேட்டேன். "நாங்க தலையைப் பார்க்கிறதில்ல சார். சுவரையும் தண்ணிக்கு அடியில இருக்கிற காலையும்தான் பார்ப்போம்."

ஆறே முக்காலுக்குப் பெரியவர்கள். புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஒரு பெண் பயிற்சியாளர். மற்ற பயிற்சியாளர்கள் கரையில் நிற்க, இவர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே வேலை செய்கிறார். அன்று அவரிடம் வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியை. முழங்கால் வலிக்கு நீந்தச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே மறுத்தார்.

"அக்கா, மூச்சை உள்ளேயே வெச்சுக்காதீங்க. தண்ணிக்குள்ள விட்டுடுங்க, குமிழி வரட்டும்." பெரியவர்களுக்கு முதல் தடை இதுதான். பயத்தில் மூச்சை அடக்குகிறார்கள். தலை வெளியே வந்ததும் விடவும் வேண்டியிருக்கிறது, இழுக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நேரம் போதாமல் திணறுகிறார்கள். அடுத்த தடை தலையைத் தூக்குவது. நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு தானாக மிதக்கும், கால்தான் கனம். தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போய்விடும். மூழ்கிவிடுவோம் என்று தலையைத் தூக்குவதாலேயே பாதிப்பேர் மூழ்குகிறார்கள்.

ஆசிரியையை மல்லாக்கச் சாய்த்து, பிடரிக்கடியில் இரண்டு விரலை மட்டும் வைத்தார் பயிற்சியாளர். "மேல பாருங்கக்கா. கூரையில எத்தனை லைட்டு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க." அவர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். மூன்றாவது விளக்குக்கு வந்தபோது விரல் இரண்டும் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டிருந்தன. அவர் ஏழுவரை எண்ணி முடித்தார். "ஏழு லைட்டும் நீங்களாத்தான் மிதந்து எண்ணியிருக்கீங்க" என்று பயிற்சியாளர் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெரிய சிரிப்பு கிளம்பிற்று.

பக்கத்து லேனில் வங்கிப் பெரியவர் பேக் ஸ்ட்ரோக் போய்க்கொண்டிருந்தார். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குறுக்கே கட்டியிருக்கும் கொடித் தோரணம் கண்ணில் பட்டதும் கையை எண்ணத் தொடங்கிவிடுவார். அவருக்கு ஐந்தாவது வீச்சில் சுவர். அவர் அடுத்த மாஸ்டர்ஸ் போட்டிக்குத் தயாராகிறார். மாஸ்டர்ஸ் என்பது 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் போட்டி. இதில் ரிலே விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்கு பேருடைய வயதையும் கூட்டித்தான் எந்தப் பிரிவு என்று முடிவுசெய்கிறார்கள்: 100 முதல் 119, 120 முதல் 159, 160 முதல் 199 என்று ஏறிக்கொண்டே போகும். அதனால் அணி சேர்க்கும்போது எல்லாரும் வங்கிப் பெரியவரைத் தேடுகிறார்கள். "என் வயசுக்கு மவுசு இருக்கிற இடம் இது ஒண்ணுதான்" என்கிறார். ஜப்பானின் மியெகோ நாகாவோகா எண்பது வயதுக்குப் பிறகு நீச்சல் கற்று, 2015-ல் 100 வயதில் 1500 மீட்டரை நீந்தி முடித்தவர். பெரியவரைக் கேட்டால் தனக்கு இன்னும் காலம் கிடக்கிறது என்பார்.

நீச்சல் தனி ஆளின் விளையாட்டு என்ற எண்ணம் நமக்கு ஊறியிருக்கிறது. தமிழர்கள் கடலை நீந்திக் கடந்த கதைகளை அப்படித்தான் சொல்லிவருகிறோம். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954-ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையை இருவழியாகவும் கடந்தார். 1984-ல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார். குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்து, அதே 1994-ல் மொத்தம் ஆறு கடற்பகுதிகளை நீந்தி, 1966-ல் மிஹிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து கடற்பகுதிகளைக் கடந்து வைத்திருந்த சாதனையை முறியடித்தார். ஆனால் நீரிணை நீச்சல் என்றால் பக்கத்தில் படகு உண்டு. திசை காட்டவும், உணவு நீட்டவும், நேரம் குறிக்கவும் அதில் ஆள் உண்டு. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

இந்தக் குழுவில் அவ்வப்போது ஒரு நாள் எல்லாரும் உடுப்போடு இறங்குகிறார்கள். பேன்ட், சட்டை, சுடிதார். நனைந்த துணி எப்படி இழுக்கும் என்று உடம்புக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. மல்லாந்து மிதந்து கிடப்பது, ஒருவர் தத்தளித்தால் குதிக்காமல் கயிறோ கம்போ நீட்டுவது, காலி கேனைத் தூக்கிப் போடுவது எல்லாம் அன்றைய பாடம். 2021-ல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இன்னொருவரும் போன செய்தியை ஒவ்வொரு கோடையிலும் நாம் படிக்கிறோம். பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் இந்தப் பாடம் வாழ்நாள் முழுவதும் உதவும்.

போட்டியைப் பார்க்க வேளச்சேரிக்குப் போனேன். 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய வளாகம் அது. 50 மீட்டர் குளம், பக்கத்தில் டைவிங் குளம். சின்ன விசில்கள் தொடர்ந்து ஒலித்தால் ஆயத்தம். நீண்ட விசிலுக்குப் பிளாக்மேல் ஏற வேண்டும். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய கூட்டமும் வாயை மூடிக்கொள்கிறது.

அங்கேதான் பற்றாக்குறை தெரிந்தது. நீந்தப் பிள்ளைகள் ஏராளம், நேரம் குறிக்க ஆளில்லை. மின்னணுப் பலகை இல்லாத போட்டியில் ஒரு லேனுக்கு மூன்று ஸ்டாப்வாட்ச் வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது. எட்டு லேனுக்கு 24 பேர், காலையிலிருந்து மாலைவரை, வெயிலில். அன்று பல லேன்களில் இருவர்தான் இருந்தார்கள். ஒரு அம்மா தன் மகளின் ஹீட் நடக்கும்போதும் தலையைத் திருப்பாமல் தனக்கு ஒதுக்கிய லேனின் சுவரையே பார்த்து நின்றார். மகள் எத்தனையாவது வந்தாள் என்பதைப் பிறகு அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பயிற்சியாளர்களுக்கு பேட்ச் கணக்கில்தான் சம்பளம். ஏப்ரல், மே மாதங்களில் குளம் நிரம்பி வழியும். ஐப்பசி மழை தொடங்கியதும் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள், வருமானமும் இறங்கிவிடும். பெண் பயிற்சியாளருக்குக் காலில் சேற்றுப்புண் ஆறுவதே இல்லை. அண்ணேவுக்கு ஞாயிறு கிடையாது. ஒருநாள் பம்ப் நின்றால் மறுநாள் தண்ணீர் பச்சை பூத்துவிடும். பிள்ளை பதக்கம் வாங்கினால் படம் எடுக்கிறோம். அந்தப் படத்தில் இவர்களில் ஒருவராவது நிற்கிறார்களா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை.

பிள்ளையை நீச்சலுக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். மழைக்காலம் வந்தது என்று பேட்சை நிறுத்தாதீர்கள். கற்றது மறந்துபோவதோடு, கற்றுக்கொடுத்தவர் வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. அடுத்த போட்டிக்குப் போகும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிடாமல், நடத்துகிறவர்களிடம் போய் ஒரு ஸ்டாப்வாட்ச் கேளுங்கள். எப்படி அழுத்துவது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.