நின்ற வண்டிக்கான கூலி

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் கார் வைத்திருப்பவர்களில் பலர் வேலைக்குப் போவது லோக்கல் ரயிலில்தான். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை ரயில் பாதையில் சுமார் 48 கிலோமீட்டர். காலை நெரிசலில் அவ்வளவு தூரம் தினமும் காரில் போய்வர நேரமும் கட்டாது, பணமும் கட்டாது. ஆகவே வண்டி சொசைட்டி காம்பவுண்டில் வாரம் முழுக்க நிற்கிறது. உரிமையாளர் வளைகுடாவிலோ கப்பலிலோ வேலை பார்ப்பவரானால் மாதக்கணக்கில் நிற்கிறது. இப்படி நின்றுபோன வண்டிகளைப் பார்ப்பதையே பெரும்பகுதி வேலையாகக் கொண்ட ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனை நண்பர் ஒருவர் அறிமுகம் செய்தார். மானபாடா சாலையை ஒட்டிய சந்தில் அவருடைய கடை. அங்கே கண்டதை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: நின்ற வண்டிக்கு முதலில் வேண்டியது பொறுமையான வேலை, புதுப் பாகம் பிறகுதான். ஆனால் நாம் பாகத்துக்குத்தான் பணம் தருகிறோம், வேலைக்குத் தருவதில்லை. வண்டியும் கெட்டு, தொழிலாளியும் நொடிப்பதற்கு இதுவே காரணம்.

சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாக உறங்குவதில்லை. கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக், கணினிப் பெட்டிகள் எல்லாம் சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிறிய கார்களில் சாதாரணமாக இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. கசிவு வெறும் 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர் போகிறது. 24 நாளில் பாதி காலி. அதற்குள்ளேயே பழைய பேட்டரியில் செல்ஃப் எடுக்காமல் போகலாம். எங்கோ ஒரு ரிலே ஒட்டிக்கொண்டோ, டிக்கி விளக்கு அணையாமலோ கசிவு 200 மில்லி ஆம்பியர் ஆகிவிட்டால் ஒரே வாரம் போதும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. 2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது இந்தக் கணக்கு ஒரே சமயத்தில் எல்லாத் தெருக்களிலும் நடந்தது.

அந்த எலக்ட்ரீசியனின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தது. குர்லாவில் ஓர் உஸ்தாதிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். உஸ்தாத் முதலில் கையில் கொடுத்தது டெஸ்ட் லேம்ப்: ஒரு சின்ன பல்ப், இரண்டு வயர், முனையில் கிளிப். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இதை மாட்டுகிறார்கள். பல்ப் எரிந்தால் எங்கோ பெரிய கசிவு இருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க, எதைப் பிடுங்கும்போது பல்ப் மங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. இன்றைய வண்டிகளுக்கு இவர் மல்டிமீட்டரும் வைத்திருக்கிறார், ஏனென்றால் சில மில்லி ஆம்பியர்களைப் பல்ப் காட்டாது. அதோடு, கணினிப் பெட்டிகள் அடங்கக் கதவைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய் சொல்லும். அந்தக் காத்திருப்பும் வேலையின் ஒரு பகுதிதான். ஆனால் உரிமையாளரின் கண்ணுக்கு அது ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரிகிறது.

இங்கேதான் பொருளாதாரம் கோணுகிறது. கசிவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். பேட்டரியை மாற்றப் பத்து நிமிடம். ஒரு மணி நேர உழைப்புக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். புதுப் பேட்டரிக்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாயை மறுபேச்சின்றித் தருகிறோம். அதில் லாபம் விற்பவருக்கு, பழைய பேட்டரியின் ஈயத்துக்குக் கிடைக்கும் விலையும் அவருக்கே. கசிவோ வண்டியிலேயே இருந்து புதுப் பேட்டரியையும் தின்கிறது. போனில் கூப்பிட்டால் ஆள் அனுப்பும் சேவைகளிலும் இதே அநியாயம். காப்பீட்டுக்காரர், ஒப்பந்தக்காரர் என்று கைமாறி வரும் அழைப்பில், வெயிலில் வந்து பானட்டைத் திறப்பவருக்கு மிஞ்சுவது ஒரு துண்டு. எத்தனை அழைப்பு முடிந்தது என்பதே அங்கே கணக்கு. ஏன் பேட்டரி இறங்கியது என்று தேடுவதற்கு யாரும் காசு தருவதில்லை. அறிவு உள்ளவன் கூலியில்லாமல் நிற்க, அவனுக்கும் நமக்கும் நடுவே நிற்பவர்கள் சம்பாதிக்கிற எந்தத் தொழிலும் நிலைக்காது.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவிட்டால் போதும், இதற்கு ஒரு தொழிலாளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது தீமை செய்யும் பழக்கம். செல்ஃப் எடுத்துக்கொண்ட மின்சாரமே அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பிவருவது சந்தேகம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத சைலன்சரில் தண்ணீராகத் தங்கித் துருவை வளர்க்கும். இன்ஜின் ஆயிலிலும் ஈரம் சேரும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதுதான் பலன் தரும். முடியாதவர்கள் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்கலாம் என்பது சரியான யோசனை. எலக்ட்ரீசியனே அதைச் சொல்கிறார். ஆனால் பேட்டரி வண்டியின் ஒரு பாகம் மட்டுமே. கொங்கண் மழை நான்கு மாதம் கொட்டும் ஊரில் ஹேண்ட் பிரேக் இழுத்தபடி நிற்கும் காரின் பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரு பக்கமும் செங்கல் வைத்து, பிரேக்கை விடுவிக்க வேண்டும். காற்றிறங்கிய டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். எலி வயரிங்கைக் கடிக்கும். இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். இத்தனையையும் முறையாகப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

சாலையோர மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்பது கனமான ஆட்சேபம். ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோதனைக்குக் கூலி கிடையாது, பாகம் மாற்றினால்தான் வருமானம் என்று வைத்துவிட்டால், நல்ல பாகத்தையும் மாற்றச் சொல்லும்படி நாமே அவரைத் தள்ளுகிறோம். கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் இந்த ஆசை இல்லாமலில்லை. அங்கே அச்சிட்ட பில் இருப்பதால் அது நாணயமாகத் தோன்றுகிறது. ஓட்டாத காரை விற்றுவிடலாமே என்பவர்களுக்கும் ஒரு பதில்: நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக, வயதான பெற்றோரை அழைத்துப்போக என்று வைத்திருப்பவர்களுக்கு அது வீண் செலவாகாது. அவசரத்துக்கென்று வைத்த வண்டி அவசரத்தில் நகர வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. சொசைட்டி கமிட்டிகள் லிஃப்ட்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் ஆண்டு ஒப்பந்தம் போடுகின்றன. அதேபோல மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, காம்பவுண்டில் நிற்கும் கார்களைப் பார்க்க ஒரு தொழிலாளியை நேரடியாக அமர்த்தலாம். வண்டிக்கு இவ்வளவு என்று சோதனைக் கூலியை முன்கூட்டியே பேசி, கூலியையும் பாகத்தின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்கலாம். எதையும் மாற்றத் தேவையில்லை என்று அவர் சொல்லும் நாளிலும் அந்தக் கூலியை முழுசாகக் கொடுக்க வேண்டும். அன்றுதான் அவர் நமக்கு அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.