ஆருக்கு வாங்கிறீங்கள்?

செயின் சோ பற்றிக் கதை தொடங்கினால் எங்கட பக்கத்துப் பெடியள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். மோட்டார் சைக்கிளுக்குக் கேட்கிற அதே கேள்வி. அடுத்தது, "பார் எத்தனை இஞ்சி?" பெரிசு எண்டால் நல்லது என்ற பதில் அந்தக் கேள்விகளுக்குள்ளேயே இருக்கும். வீட்டு விறகு அரிய ஒரு மிசின் தேடி மூன்று மாதம் விசாரித்துத் திரிந்த பிறகு, இந்த இரண்டும் நாலாவது ஐந்தாவதாக வரவேண்டிய கேள்விகள் என்று எனக்குப் படுகிறது. முதலாவது கேள்வியை ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார். அவர் அதை வேறு எண்ணத்தோடு கேட்டார் என்பது வேறு கதை.

முதலில், ஏன் விறகு? 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நாலில் மூன்றுக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. பிறகு எங்களைப்போலக் கொஞ்சப்பேர் காஸுக்கு மாறினோம். 2021 செப்ரெம்பரில் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபா. அந்த விலைக்கும் சாமான் இல்லை. வெறுஞ்சிலிண்டர்கள் ரோட்டோரம் வரிசையில் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மா அப்போது திரும்பவும் மண் அடுப்பை மெழுகினா. பிறகு காஸ் வந்தது, ஆனால் அம்மாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இப்போது தேத்தண்ணிக்கு மட்டும் காஸ். சோறு, புட்டு, அம்மம்மாவுக்குக் குளிக்கச் சுடுதண்ணி எல்லாம் விறகில்.

நாங்கள் விசுவமடுப் பக்கம். வீட்டில் அம்மம்மா, அம்மா, நான். வளவில் தென்னை, பனை, மா, வேம்பு நிற்கின்றன. தென்னம்மட்டை, பாளை, பன்னாடை, பனையின் கொக்கரை என்று அம்மம்மா பொறுக்கி அடுக்கி வைப்பதே பாதி அடுப்புக்குக் காணும். அதுக்கு ஒரு கத்தி போதும். பிரச்சினை வந்தது போன மாரியில். கிணத்தடியில் நின்ற பெரிய வேம்பு வேரோடு சாய்ந்தது. ஆறு மாத விறகு நிலத்தில் கிடக்கிறது, ஆனால் அரிய ஆளில்லை. மரம் அரியிற அண்ணைமாருக்குப் பலகை அரிகிற வேலையில்தான் காசு, ஒரு வீட்டு விறகுக்கு வந்து மினக்கெட மாட்டார்கள். "நாளைக்கு வாறன்" என்று சொன்னவர் வரவில்லை. மற்றவர் சொன்ன கூலி, பக்கத்து வளவுக்குச் சொன்னதைவிடக் கூட. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு விலை வேறு என்பது எங்களுக்குப் புதிதில்லை.

மிசின் வாங்கமுதல் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அரியிறது வேறு, கொத்துறது வேறு. செயின் சோ மரத்தைக் குறுக்கே துண்டு போடும், அவ்வளவுதான். அந்தத் துண்டுகளை நெடுக்காகப் பிளந்து அடுப்புக்கு அளவாக்குவதற்குக் கோடாலிதான். உங்கள் வீட்டில் அரிந்த குற்றிகள் கொத்தாமல் கிடந்தால், மிசினுக்குக் கொடுக்கிற காசில் நல்லதொரு கோடாலியும் இரண்டு இரும்பு ஆப்பும் வாங்குவது புத்தி. பச்சையாக இருக்கும்போதே அரிந்து கொத்தி அடுக்கினால் கெதியாகக் காயும். முழுக் குற்றியாக விட்டால் உள் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும், அடுப்பில் புகையாக வரும்.

இரண்டாவது, என்ன தடிப்பு மரம்? மணிக்கட்டு, புஜம் அளவு கொப்புகள் மட்டும் என்றால் வில்போல வளைந்த இரும்புச் சட்டத்தில் அலகு பூட்டிய கைவாள் போதும். பெற்றோல் இல்லை, சத்தம் இல்லை, அலகு மழுங்கினால் புதிது பூட்டலாம். பற்றரியில் ஓடுகிற சின்னஞ்சிறு வாள்களை பேஸ்புக்கில் விற்கிறார்கள். அவை கொப்பு கழிப்பதற்கு. அடிமரத்தில் வைத்தால் பற்றரி முதலில் களைத்துப்போகும். கரண்டில் ஓடுகிற செயின் சோ இலேசு, கலவை கலக்கிற வேலையும் இல்லை. ஆனால் 2,000 வோற்ஸ் மிசின் ஒன்று 9 அம்பியர் அளவில் இழுக்கும். எங்கட வேம்பு கிடந்தது வீட்டிலிருந்து அறுபது மீற்றருக்கு அப்பால். மெல்லிய வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் வயரும் சுடும், மிசினும் இளைக்கும். மரத்தை வீட்டடிக்கு இழுத்துவர வசதி உள்ளவர்களுக்குக் கரண்ட் மிசின் நல்ல தெரிவு. எங்களுக்குப் பெற்றோல்தான் என்று முடிவானது.

இனிக் கடை. முதல் கடையில் நான் வாயைத் திறந்ததும் வந்த கேள்வி, "ஆருக்குத் தங்கச்சி வாங்கிறீங்கள்?"

"எனக்குத்தான் அண்ணை."

"இல்லை, மிசின் பிடிக்கப்போறது ஆர் எண்டு கேட்டனான்."

"நான்தான்."

அவர் சிரித்துவிட்டு, வீட்டில் ஆரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கோபத்தோடுதான் வெளியில் வந்தேன். ஆனால் பஸ்ஸில் இருந்து யோசிக்க, கேள்வி சரியான கேள்வியாகவே இருந்தது. மிசின் பிடிக்கப்போவது ஆர்? அவருடைய உயரம் என்ன, கை எவ்வளவு நேரம் தாங்கும்? இதைக் கேட்காமல் சிசி கேட்டு வாங்குகிறபடியால்தான் பல வீடுகளில் 58 சிசி, 22 இஞ்சி பார் போட்ட மிசின்கள் கிடக்கின்றன. பாரும் செயினும் பூட்டி, பெற்றோலும் ஒயிலும் நிரப்பினால் அது ஏழு கிலோவுக்கு மேல் வரும். பலகை அரிகிறவருக்கு அது காணாது, வீட்டு விறகுக்கு அது கூட.

இரண்டாவது கடையில் ஒரு வயதான ஐயா. மூன்று மிசினை மேசையில் எடுத்து வைத்தார். "ஒவ்வொண்டாப் பிடிச்சுக்கொண்டு அஞ்சு நிமிசம் நில் பிள்ளை. கை நடுங்கிறதை வாங்காதை." நான் கேட்ட அறிவுரைகளில் இதுதான் ஆகச் சிறந்தது. நடுங்குகிற கை மிசினைச் சரியான இடத்தில் வைக்காது, வேலையின் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் காயம் வரும் என்றார்.

அளவுகளைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது இது. வருசத்தில் சில நாட்கள் வீட்டு விறகு மட்டும் அரிகிறவருக்கு 30 முதல் 40 சிசி, 14 அல்லது 16 இஞ்சி பார். கிழமைக்குக் கிழமை அரிகிறவருக்கு 45 முதல் 50 சிசி. உதாரணத்துக்கு ஸ்டில் எம்.எஸ். 170 என்பது 30.1 சிசி, எம்.எஸ். 250 என்பது 45.4 சிசி. சின்னப் பாரால் பெரிய மரம் அரிய ஏலாது என்பது பிழை. ஒரு பக்கம் பாதி, மற்றப் பக்கம் பாதி என்று அரியலாம். எங்கட வேம்பின் குறுக்களவு 20 இஞ்சி. 14 இஞ்சி பாரால்தான் அரிந்தேன். நேரம் கூடப் போகும். ஆனால் நான் அவசரத்தில் இல்லை.

விலை குறைந்த மிசினா, பெயர் உள்ள மிசினா என்று கேட்பீர்கள். மலிவானவற்றுக்கு உதிரிப்பாகம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பெயர் உள்ளவை நீண்ட காலம் உழைக்கும், ஆனால் சாமானுக்கு ஏஜென்ற்றிடம் போகவேண்டும். எதுவானாலும் ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது: முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற கைக்காப்பைத் தள்ளினால் ஓடுகிற செயின் அந்தக் கணமே நிற்கவேண்டும். அதுதான் செயின் பிறேக். கடையிலேயே ஓடவிட்டுத் தள்ளிப் பாருங்கள். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது முட்டினால் மிசின் கண்மூடித் திறக்கமுன் முகத்தைப் பார்த்து மேலே எகிறும். முழு வேகத்தில் செயின் ஓடுவது விநாடிக்கு 20 மீற்றர் அளவில், மணித்தியாலத்துக்கு 72 கிலோமீற்றர். பிறேக் பழுதான மிசினை அரைவிலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

எங்கட ஊர் மரத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை எந்த யூரியூப்காரரும் சொல்லவில்லை, பலகை அரியிற ஒரு அண்ணைதான் சொன்னார். "2009க்கு முதல் நிண்ட மரமெண்டால் முதல் தடவிப் பார்." மரம் நுனியில்தான் உயரும். அன்றைக்கு நெஞ்சு உயரத்தில் பட்ட செல் துண்டு இன்றைக்கும் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கும், சுற்றிவரத் தண்டு மட்டும் பருத்து மூடியிருக்கும். பட்டையில் முடிச்சுப்போல வீக்கம், மூடின வடு, அரிந்த முகத்தில் கருநீலக் கறை இருந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால்தான் அந்தக் கறை வரும். வேலி மரமாக இருந்தால் ஆணியும் முள்ளுக்கம்பியும் இதே மாதிரி உள்ளுக்குள் போய்விடும். வாளின் பல்லில் இரும்பு பட்டால் பொறி பறக்கும், ஒரு நொடியில் முழுச் செயினும் மழுங்கும்.

எங்கட வேம்பில் மூன்று துண்டு இருந்தது. கறையைக் கண்டதும் நிறுத்தி, அந்த இடத்துக்கு மேலும் கீழும் ஒரு சாண் விட்டு அரிந்தேன். நடுத்துண்டைக் கோடாலியால் பிளந்து எடுத்தோம். ஒன்று சுண்டுவிரல் நீளம். அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்தா. "நாங்கள் பங்கருக்குள்ள இருக்கேக்க வந்ததாக்கும்" என்று மட்டும் சொன்னா. அந்த வேம்புக்கும் எங்கட பழைய பங்கருக்கும் இடையில் பத்தடி தூரம்கூட இல்லை. ஆகவே எங்கட பக்கத்தில் மிசின் வாங்குகிறவர்கள் ஒரு மேலதிகச் செயினையும் சேர்த்து வாங்குங்கள். துண்டு இல்லாமல் முழுசாக ஏதாவது தெரிந்தால், அல்லது மரத்தடி மண்ணுக்குள் ஏதாவது தட்டுப்பட்டால், கைவைக்காமல் விலகி வந்து பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லவேண்டும்.

பிறகு வாற செலவையும் வாங்கமுதல் கணக்குப் போடுங்கள். டூ-ஸ்ரோக் எஞ்சின், வெறும் பெற்றோலில் ஓடவிட்டால் பிஸ்டன் இறுகும். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் டூ-ரீ ஒயில், 25க்கு 1 என்றால் 40. எது என்பதை மிசினோடு வாற புத்தகம் சொல்லும், கடைக்காரரின் ஞாபகம் சொல்லாது. செயினுக்கு வேறு ஒயில் வேண்டும். வாகனத்தில் கழித்த ஒயிலை விடுகிற பழக்கம் இருக்கிறது, அதில் இருக்கிற இரும்புத்தூள் ஒயில் பம்பையும் பாரையும் தின்னும். செயினின் அளவுக்குப் பொருந்துகிற வட்ட அரம் ஒன்று கட்டாயம். சின்ன மிசின்களுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர். அரியும்போது சீவலாக விழுந்தால் பல் கூர், மாவாக விழுந்தால் அரம் எடுக்கிற நேரம். மழுங்கின செயினை அமத்தி அரிந்து களைப்பதைவிட, பத்து நிமிசம் இருந்து தீட்டலாம்.

சட்டமும் இருக்கிறது. செயின் சோ வைத்திருக்கப் பதிவு வேண்டும். 2019 தொடக்கத்தில் நாடு முழுக்கப் பொலிஸ் நிலையங்களில் பதியச் சொன்னார்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள், பழைய மிசின் வாங்கினால் அதன் பதிவையும் கேளுங்கள். சொந்த வளவு என்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது. 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். காட்டு மரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மிசின் கையில் வந்தவுடன் நிற்கிற மரமெல்லாம் விறகாகத் தெரியத் தொடங்கும், அதுவும் ஒரு ஆபத்துத்தான். நான் விழுந்ததையும் பட்டதையும் மட்டுமே அரிகிறேன். நிற்கிற மரம் தறிப்பது தெரிந்தவர்களின் வேலை.

அம்மா முதலில் "உந்தச் சனியனை வீட்டுக்க கொண்டு வராதை" என்றுதான் சொன்னா. அவவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சாரமும் செருப்புமாக, ஏணியில் ஏறி நின்று ஒற்றைக் கையால் அரிகிற ஆட்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் வீட்டில் சில ஒழுங்கு: சப்பாத்து, தடித்த ஜீன்ஸ், கண்ணாடி, காதடைப்பு. மிசினை நிலத்தில் வைத்துப் பின்பிடியைக் காலால் மிதித்துத்தான் கயிறு இழுப்பது. தோளுக்கு மேல் தூக்குவதில்லை. தனிய அரிவதில்லை, அம்மா கூப்பிடு தூரத்தில் இருப்பா, பக்கத்தில் வரமாட்டா. ஒரு தாங்கி பெற்றோல் முடிந்தால் தண்ணி குடித்து இளைப்பாறுவது. ஜீன்ஸ் செயினைத் தடுக்காது. அதற்கென்று உள்ளே நார் வைத்துத் தைத்த காற்சட்டை இருக்கிறது, அதற்குத்தான் இப்போது காசு சேர்க்கிறேன். உண்மையில் மிசின் விலையோடு சேர்த்தே அதையும் எண்ணவேண்டும்.

வேம்பு முழுக்க அரிந்து கொத்தி, கொட்டிலுக்குள் அடுக்கியாயிற்று. சத்தம் கேட்டுப் பின்வளவு அக்கா வந்து பார்த்தா. அவவின் வளவிலும் ஒரு மாங்கொப்பு முறிந்து கிடக்கிறது. "எனக்கும் பழக்கிவிடுவியோ?" என்று கேட்டா. சனிக்கிழமை காலமை வரச் சொல்லியிருக்கிறேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரவேணும், முதல் நாள் அரம் பிடிக்கத்தான் காட்டுவன் என்றும் சொல்லியிருக்கிறேன்.