ஸபர்

அரபியில் பயணத்துக்கு ‘ஸபர்’ என்று பெயர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள் அச்சொல்லின் வேரில் உண்டு. வைகறை வெளுப்பதைக் குறிக்கும் ‘இஸ்பார்’ என்பதும் அவ்வேரில் பிறந்ததே. மனிதனின் குணத்தைத் திரை நீக்கிக் காட்டுவதால்தான் பயணம் இப்பெயர் பெற்றது என ஆலிம்கள் விளக்குவர். இந்த விளக்கத்தை நாம் ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அது நமக்கே விளங்கியதோ, 2023 டிசம்பரின் இறுதியில், பட்டாபிராமுக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரைச் சேற்றில் விழுந்து கிடந்தபோதுதான்.

அழைத்தவர், சிறு வயதில் நம்மிடம் ஓதிய ஒரு தம்பி. இப்போது வேலையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் நண்பர்களுடன் கரடுமுரடான தடங்களில் சைக்கிள் விடுவது அவருடைய பழக்கம். ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்து, “அஸ்ரத், பூந்தமல்லிப் பழைய பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, இந்த வாரம் போவோமா? தார் ரோடு வேண்டாம். ஏரிக்கரையும் வண்டிப்பாதையுமாகவே போய்விடலாம்” என்றார்.

அப்பள்ளிவாசல் கோல்கொண்டா ஆட்சியின்போது, 1653இல், ருஸ்தும் என்பவரால் கட்டப்பெற்றது. பாரசீகத்திலும் தெலுங்கிலும் அங்கே கல்வெட்டு உண்டு. அருகிலிருந்தும் அதைக் காணாதிருந்த குறை நமக்கு நெடுநாளாக இருந்தது. இசைந்தோம்.

சுபுஹுத் தொழுகையை ஜமாஅத்துடன் முடித்துக்கொண்டு புறப்பட்டோம். மார்கழி வாடை காதை அறுத்தது. ஒளுவின் ஈரம் காயாத கைகள் கைப்பிடியில் மரத்துப் போயின. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வண்டிப்பாதைகள் குழம்பிக் கிடந்தன. டிராக்டர் சக்கரங்கள் பதிந்த பள்ளங்களில் நீர் தேங்கியிருந்தது. இருபுறமும் சீமைக் கருவேலம். பத்தடிக்கு அப்பால் பனி மறைத்தது.

நம்முடையது பழைய ஹெர்குலிஸ். 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தார் செய்தது. தம்பியினுடையது தடித்த டயரும் பல கியர்களும் கொண்டது. “இந்த விளையாட்டும் பழைய சைக்கிளில்தான் தொடங்கியது, அஸ்ரத்” என்றார் அவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பாய்ஸ் மலைப்பகுதிச் சரிவுகளில், 1970களில் இளைஞர் சிலர் முப்பது நாற்பது ஆண்டுப் பழைய சைக்கிள்களில் மண்பாதை வழியே இறங்கினராம். சரிவு முடிவதற்குள் பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து எரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால், 1976இல் தொடங்கிய அப்பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வந்தது. இருபதாண்டு கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச் சைக்கிள் ஓட்டம் இடம் பெற்றுவிட்டது.

சேற்றில் இறங்குமுன் தம்பி நம் டயரின் காற்றைச் சிறிது இறக்கினார். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து மண்ணைப் பற்றும் என்றார். “முன் பிரேக்கைப் பிடித்துவிடாதீர்கள். சக்கரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தையே பாருங்கள். சரிவில் உடலைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்” என்றும் சொன்னார். நாற்பதாண்டாகச் சைக்கிள் மிதிப்பவனுக்கா பாடம் என்று எண்ணினோம். கேட்டதுபோல் தலையசைத்தோம்.

அணைக்கட்டுச்சேரிப் பக்கமாகக் கூவத்தை நோக்கிச் செல்கையில், ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவு வந்தது. அச்சம் மேலிட்டு, விலக்கிய முன் பிரேக்கையே இறுகப் பிடித்தோம். அடுத்த கணம் சேற்றில் கிடந்தோம். முழங்காலில் இரத்தம். தொப்பி நீரில் மிதந்தது.

தம்பி ஓடி வந்து தூக்கினார். தாம் குடிக்க வைத்திருந்த நீரால் காயத்தைக் கழுவினார். ‘சொன்னேனே’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. “நமக்கு இது வராது, தம்பி. தார் ரோட்டுக்கே திரும்புவோம்” என்றோம். அவர், “வரும், அஸ்ரத். இன்னொரு தடவை ஏறிப் பாருங்கள், மெல்ல வரும்” என்றார்.

அச்சொல்தான் நம்மைச் சுட்டது. பத்து வயதில் இவர் ‘ளாத்’ எழுத்தை ஒலிக்க இயலாமல் நம் முன் திணறியதுண்டு. நாவின் பக்க ஓரத்தை மேல் கடைவாய்ப் பற்களில் பொருத்தி ஒலிக்கவேண்டிய எழுத்து அது. அரபிக்கு ‘ளாத்தின் மொழி’ என்றே பெயருண்டு. நான்காம் முறை தவறியதும், பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும், “உனக்கு இது வராது. வேறு வேலை பார்” என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் முதல் அவர் ஓத வரவில்லை. நாமும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆற்றோரம் அமர்ந்து, அதை நினைவுகூர்ந்து, “தம்பி, நம்மை மன்னிக்க வேண்டும்” என்றோம். அடியார்களுக்குச் செய்த தீங்கை அவர்களே மன்னிக்க வேண்டும் என்பது நாம் பிறருக்குச் சொல்லும் சட்டமன்றோ? அவர் சற்றுநேரம் நீரைப் பார்த்திருந்தார். “அத்தாவிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லித்தான் நின்றேன், அஸ்ரத். உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் ளாத் இன்னும் வரவில்லை” என்றார்.

நகருக்குள் நாம் முகம் சுளித்துக் கடக்கும் கூவமா இது என்று வியக்கும்படி, மழைநீர் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது ஆறு. அதைக் கடந்து, நொண்டியபடியே பூந்தமல்லியை அடைந்தோம். கஸ்ருத் தொழ அனுமதிக்கும் தொலைவு அன்று அது. ஆயினும் அத்தனை நீண்ட பயணம் நாம் சென்றதில்லை. சேற்றைக் கழுவி ஒளுச் செய்து, இருவரும் இரண்டு ரக்அத் தொழுதோம். பின்னர், 370 ஆண்டுகள் கண்ட அப்பள்ளியில் அமர்ந்து, “நாவை இப்படிச் சாய்த்துச் சொல்லுங்கள், தம்பி” என்றோம். தவறியது. மீண்டும் தவறியது.

“வரும்” என்றோம்.

இன்று ஞாயிறுதோறும் அவர் நமக்குச் சரிவு இறங்கக் கற்பிக்கிறார். நாம் அவருக்கு ஓதிக் கொடுக்கிறோம். யாருடைய பாடம் முந்தி முடியும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.