உண்டியலும் கரும்பலகையும்



கடந்த வருடம் நோன்பு விடுமுறைக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் வகுப்பில் ஒரு ஸதகா உண்டியல் வைத்தோம். வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் காசு போடுவார்கள். உற்சாகம் வரட்டும் என்று பெயரையும் தொகையையும் கரும்பலகையில் எழுதினோம். 20 ரூபாய் 50 ஆகி, 100 ஆனது. எமக்கும் பெருமைதான்.

மூன்றாவது வியாழன் ஒரு பிள்ளை வரவில்லை. நாலாவதும் வரவில்லை. உம்மாவைக் கண்டு கேட்டோம். "வியாழக்கிழமை வந்தா புள்ளைக்கு வயித்துக்குத்து டீச்சர்" என்றார். வாப்பா கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். எமக்கு விளங்கிவிட்டது.

பகிரங்கமாகக் கொடுப்பதும் நல்லதே, ஏழைக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று சூரா பகரா சொல்கிறது. சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்றும் அதே சூரா சொல்கிறது. பாடத்தில் இதைப் படிப்பித்துவிட்டு, பலகையில் அதற்கு மாற்றமாக எழுதியவர்கள் நாமே.

அன்றே பலகையை அழித்தோம். உண்டியலுக்குப் பதிலாக ஒரு துணிப்பை. எல்லோரும் மூடிய கையைப் பைக்குள் விட்டு எடுப்பார்கள், காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஸதகாதான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததையும் சொல்லிக்கொடுத்தோம். சேர்ந்த காசில் கொப்பிகள் வாங்கி அலுமாரியில் வைத்தோம். தேவையானவர் எடுக்கலாம். எடுப்பவர் பெயரும் எழுதுவதில்லை.

வாங்கும் கையின் பாரம் எமக்குத் தெரியாததா? 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடினோம். அங்கு கிடைத்த சோற்றுப் பார்சலைச் சமைத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. சம்பூர்ச் சனங்கள் இதே கட்டைபறிச்சான் முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் ஒருநாளும் கை நீட்டாத வீடு குறைவு. ஸதகாவுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். பெரிய நோட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளை தன் தீன்பண்டக் காசில் மிச்சம் பிடித்ததே போதும். வீட்டுக்கு வந்ததும் "எவ்வளவு போட்டாய்?" என்று கேட்காதீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறாள். போன கிழமை பையைக் கொட்டினால், சில்லறைகளுக்கு நடுவே சீவாத புதுப் பென்சில் ஒன்று. யார் போட்டதென்று நாம் கேட்கவில்லை.

அல்லாஹ் அறிவான். அவன் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.